பாட்டு வராத குழந்தை உண்டா?

சகோதரிகளே, உடன்குடிக் கருப்பட்டியை அறியாத வீடு உண்டா? பதநீரைக் காய்ச்சுகிறவர்கள் பதம் வரும்வரை பொறுமையாகக் கிண்டுகிறார்கள். அவசரப்பட்டு இறக்கினால் பாகுதான் மிஞ்சும், கருப்பட்டி கிடைக்காது. சின்னஞ்சிறுசுகளுக்குச் சங்கீதம் சொல்லித் தருவதும் அப்படித்தான்.

ஆரம்பப் பள்ளியில் குழந்தைகள் சேர்ந்து பாடும்போது ஒரு குரல் சுருதி விலகுகிறது. உடனே, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை குழந்தைகள் ஆயுள் முழுவதும் பாடாமலே இருந்துவிடுகிறார்கள்! குற்றம் பெரும்பாலும் குரலில் இல்லை. காது இன்னும் பழகவில்லை. பெரியவர்களின் தாழ்ந்த சுருதிக்குச் சின்னக் குரல் இறங்காது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

நெல்லைச் சீமையில் 1859-ல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலை வெளியிட்டார். அதற்கு முந்தின ஆண்டு பரோடா சங்கீத மகாநாட்டில் தம் சுருதி ஆராய்ச்சியை விளக்க, தம் பெண்களையே வீணை வாசிக்கச் செய்தார். வீட்டில் வளர்ந்த சங்கீதம் சபை ஏறியது!

ஆகவே, சரளி வரிசைக்கு அவசரம் வேண்டாம். விளக்கேற்றியதும் குழந்தையைப் பக்கத்தில் உட்கார்த்தி, அதன் குரலுக்கு ஏற்ற சுருதியில் ஒரு சின்னப் பாட்டைப் பாடுங்கள். முதலில் கேட்கட்டும், பிறகு முணுமுணுக்கட்டும், பாட்டு தானே வரும். பதம் வரும்வரை நீங்கள் பொறுத்திருந்தால் போதும்.