பூங்கா என்று எழுதிய நிலம்

மரம் நடும் விழாக்களுக்குக் குறைவில்லை. ஆனால் நகரத்தின் பசுமை பிழைப்பதும் அழிவதும் திட்ட வரைபடத்தில்தான் என்பதைப் பெங்களூரின் அனுபவம் காட்டுகிறது.

மருத்துவமனை வேண்டுமா, பூங்கா வேண்டுமா என்று கேட்டால் நல்ல மனிதர் எவரும் சற்றுத் தடுமாறுவார். பெங்களூரின் ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் குடியிருந்தவர்கள் தடுமாறவில்லை. தங்கள் குடியிருப்புத் திட்டத்தில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த இடத்தை, முதல்வரின் உத்தரவின் பேரில், நகர வளர்ச்சி ஆணையம் 1976ல் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது. குடியிருப்பவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். உயர் நீதிமன்றத்தில் முதல் சுற்றில் தோல்வி, மேல்முறையீட்டில் வெற்றி. 1991ல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

மருத்துவமனையும் மக்களுக்கான காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்கா என்று திட்டத்தில் எழுதப்பட்ட நிலம் பூங்காவாகவே இருக்க வேண்டும், அதைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முதல்வருக்கும் அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். இதில் வழக்குப் போட உங்களுக்கு என்ன உரிமை என்று பகுதிவாசிகளைக் கேட்க முடியாது என்பதும் அன்று உறுதியானது. நாடெங்கும் பூங்கா வழக்குகளில் இன்றும் வழக்கறிஞர்கள் முதலில் புரட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

தோட்ட நகரம் என்ற பெயர் பெங்களூருக்குச் சும்மா வந்துவிடவில்லை. லால்பாக் தோட்டத்துக்கு 1760ல் அடித்தளமிட்டவர் ஹைதர் அலி. மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி 1870ல் கப்பன் பூங்காவை அமைத்தார். நகரத்தின் நடுவே, ஏக்கர் விலை தலைசுற்ற வைக்கும் இடங்களில், இவை இரண்டும் இன்னமும் நிற்கின்றன. மக்களின் பாசம் ஒரு காரணம். 1975ல் கர்நாடக அரசு கொண்டுவந்த பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு காரணம்.

அப்படிப்பட்ட காவல் கிடைக்காத ஏரிகளின் கதி வேறு. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இப்போது கெம்பே கவுடா பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம். பேருந்து நிலையமும் விளையாட்டரங்கமும் தேவையற்றவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிக்கலே அதுதான். பொதுவெளியை விழுங்க வருவது எப்போதும் ஏதாவது ஒரு நல்ல காரியத்தின் பெயரில்தான் வருகிறது.

மரங்களைக் கண்ணுக்கு அழகு என்ற கணக்கில் மட்டும் வைப்பவர்களுக்கு 2013ல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. பெங்களூர்த் தெருக்களில் எடுத்த அளவுகளின்படி, மரநிழல் உள்ள இடங்களில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரையிலும், தார்ச்சாலையின் மேற்பரப்பு வெப்பம் 27.5 டிகிரி வரையிலும் குறைவாக இருந்தது. இந்த நிழல் யாருக்கு? குளிர்சாதன வசதி கொண்ட காரில் போகிறவரைவிடத் தள்ளுவண்டிக்காரருக்கும், பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவருக்கும்தான் அது அதிகம் தேவை.

2016ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு மேம்பாலம் கட்டத் திட்டமிட்டது அரசு. வெட்டப்பட இருந்தவை 812 மரங்கள். ஈடாகப் புதிய கன்றுகள் நடப்படும் என்ற வழக்கமான வாக்குறுதி வந்தது. கணக்குப் புத்தகத்தில் ஒரு மரத்தைக் கழித்துப் பத்துக் கன்றுகளைக் கூட்டினால் லாபம்தான். ஆனால் நாற்பது ஆண்டு வளர்ந்த மரம் தரும் நிழலைக் கன்று தர நாற்பது ஆண்டு ஆகும், அதுவும் பிழைத்தால். மக்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் சாலையோரம் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் ஒவ்வொரு முறையும் தெருவில் இறங்கித்தான் மரத்தைக் காக்க வேண்டுமென்றால் திட்டமிடுதல் என்ற ஒன்று எதற்கு? 2025ல் சுரங்கச் சாலைத் திட்டம் லால்பாகின் நிலத்தைத் தொடும் என்ற செய்தி பரவியதும் மறுபடி போராட்டம் எழுந்தது. ஊர் சோர்ந்திருக்கும் ஒரு நாளில் வரும் திட்டத்தை யார் தடுப்பது?

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1985லேயே கர்நாடகத்தில் தனிச் சட்டம் வந்தது. 1992ல் நிறைவேறிய 74வது அரசியல் சட்டத் திருத்தம் பூங்காக்களை நகராட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசின் 2014ம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே 84 லட்சம் பேரைத் தாண்டிவிட்ட நகரத்துக்கு, 2007ல் ஒப்புதல் பெற்ற பெருந்திட்டம் 2015ம் ஆண்டு வரையிலான தேவையைத்தான் கணக்கிட்டது. அடுத்து, 2031 வரைக்குமாகத் தயாரான வரைவு 2020ல் திரும்பப் பெறப்பட்டது. பழைய வரைபடத்தின் மேல் புது நகரம் வளர்கிறது. 2025 செப்டம்பரில் பெங்களூரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். அலுவலகங்கள் கூடினால் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் இடங்களும் கூடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. ஒவ்வொரு வார்டிலும் எந்தெந்த நிலம் பூங்கா, எது விளையாட்டுத் திடல் என்பதைச் சர்வே எண்ணோடு பட்டியலிட்டு வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு துண்டு நிலத்தை எடுப்பதானாலும் பகுதி மக்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. புதிதாக ஊரோடு சேரும் கிராமங்களில் மனை போடுவதற்கு முன்பே பொதுவெளியைக் குறித்து வைக்க வேண்டும். வீடுகள் வந்த பிறகு பூங்காவுக்கு இடம் தேடுவது, பந்தி முடிந்தபின் இலை போடுவது போல.

ராஜ்மஹல் விலாஸ் வாசிகளின் கையில் அன்று இருந்த பெரிய ஆயுதம் அவர்கள் குடியிருப்பின் திட்டம்தான். தன் தெருவின் வரைபடத்தில் பூங்கா எங்கே என்று தெரிந்து வைத்திருப்பவர் இன்று எத்தனை பேர்?