கூப்பனா, கம்பியா?
(தொடர் – பகுதி 9)

பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சலுகை விலையில் இணையம் கொண்டுபோன 1996ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தைப் போன வாரம் பார்த்தோம். அந்தச் சலுகை பள்ளி வாசலோடு நின்றுவிட்டது. வாத்தியார் இணையத்தில் போட்ட வீட்டுப்பாடத்தை, அரசு வாடகைக் குடியிருப்பில் இருக்கும் பிள்ளை சாயங்காலம் எதில் பார்க்கும்?

முதலில் பெரிய அளவில் இறங்கியது காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம். என்பிசி யுனிவர்சல் என்ற ஊடக நிறுவனத்தை வாங்க அனுமதி கேட்டபோது அரசுக்குக் கொடுத்த வாக்குகளில் ஒன்று, ஏழை மாணவர் வீடுகளுக்கு மாதம் 9.95 டாலரில் இணைப்பு. 2011இல் வந்தது. நிபந்தனைகளைப் படித்தால்தான் விஷயம் புரியும். வீட்டில் பள்ளியின் இலவச மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளை இருக்க வேண்டும். பழைய பில் பாக்கி இருக்கக் கூடாது. கடந்த 90 நாளில் அதே நிறுவனத்தின் இணைப்பு இருந்திருக்கவும் கூடாது. அதாவது, பிள்ளை படிப்புக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முழுக் கட்டணம் செலுத்திவந்த தாய்க்குச் சலுகை கிடையாது. வேண்டுமென்றால் மூன்று மாதம் இணைப்பை வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம். பில் கட்ட முடியாமல் விட்டவருக்கோ கதவே திறக்காது. ஏழைக்கென்று போட்ட திட்டத்தில் பாக்கி இல்லாத ஏழையைத் தேடினார்கள்! நிபந்தனைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்ந்தன. 2015இல் ஒபாமா 28 ஊர்களில் தொடங்கிய ‘கனெக்ட்ஹோம்’ திட்டம், வீட்டுவசதி வாரியங்களையும் நிறுவனங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, அரசுக் குடியிருப்பில் வசிப்பதே காம்காஸ்ட் சலுகைக்குப் போதிய தகுதியானது.

இணைப்பு வந்தாலும் போதவில்லை என்பதைக் கொரோனா காலத்தில் சொன்னவர்கள் பால்டிமோர் நகரப் பள்ளி மாணவர்கள். அந்த மலிவு இணைப்பில் பதிவிறக்க வேகம் நொடிக்கு 25 மெகாபிட், பதிவேற்றம் வெறும் 3. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் வீடியோ வகுப்பில் உட்கார்ந்தால் ஒருத்தர் முகம் உறைந்துபோகும். ‘சோமோஸ்’ என்ற மாணவர் அமைப்பு விடாமல் குரல் கொடுத்தது. 2021இல் வேகம் 50க்கும் 5க்கும் ஏறியது.

பிறகு அரசே கூப்பன் கொடுத்தது. இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை கழிவு. பழங்குடி நிலங்களில் 75. இரண்டு கோடியே முப்பது லட்சம் வீடுகள் சேர்ந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்தது. நாடாளுமன்றம் மேற்கொண்டு தரவில்லை. 2024 பிப்ரவரியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தினார்கள், ஜூன் 1ஆம் தேதி திட்டமே முடிந்தது. பள்ளிகள் மட்டும் வழக்கம்போல வீட்டுப்பாடம் கொடுத்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வீடு கூப்பன் கொடுப்பதைவிடக் கட்டடத்துக்கே இணைப்பு கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. குழாய்த் தண்ணீருக்கு யாரும் மாதாமாதம் தகுதிச் சான்று கேட்பதில்லையே. நியூயார்க் 2022 செப்டம்பரில் அதைத்தான் செய்தது. ‘பிக் ஆப்பிள் கனெக்ட்’ என்ற பெயரில் நகராட்சியே கேபிள் நிறுவனங்களோடு மொத்த ஒப்பந்தம் போட்டு, 200க்கும் மேற்பட்ட அரசுக் குடியிருப்பு வளாகங்களுக்கு இலவச இணையம் கொடுத்தது. வருமானச் சான்று வேண்டாம், மாத பில்லும் வராது.

இதிலும் சிக்கல் உண்டு. சிறு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு புதிதாக வலையமைப்பு போட முந்தைய மேயர் காலத்தில் வகுத்த திட்டத்தை ஓரம்கட்டிவிட்டுத்தான் இது வந்தது. பணம் போனது பழைய இரண்டு கேபிள் நிறுவனங்களுக்கே. சுவருக்குள் ஓடும் கம்பியும் அவர்களுடையது. ஒப்பந்தம் முடியும்போது விலை பேசுகிற இடத்தில் அவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் இணைய வசதிக்கான கட்டமைப்பு இருந்தாக வேண்டும் என்று 2016இல் மத்திய வீட்டுவசதித் துறை விதி போட்டது உண்மைதான். ஆனால் நியூயார்க்கின் பெரிய வளாகமான குயின்ஸ்பிரிட்ஜ், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கட்டடம். அங்கே புதுக் கம்பி இழுப்பதென்றால் ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் சோதனையில்தான் வேலையே தொடங்க வேண்டும்.