கடதாசி இல்லாத ஆமை

வெள்ளவத்தையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் என் நண்பரிடம் போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வாளியோடு வந்தார். வாளிக்குள் சின்னப் பீங்கான் அளவில் ஓர் ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு.

"நானா, ஆறு வருசத்துக்கு முந்தி உங்கட கடையிலதான் பிள்ளைக்கு வாங்கினது. அப்ப தீப்பெட்டி அளவு. இப்ப தொட்டி போதாது. நீங்களே எடுங்க, காசு வேணாம்" என்றார்.

நண்பர் மறுத்தார். "அப்ப கால்வாயில விடுறன்" என்று அவர் வாளியைத் தூக்கவும், நண்பர் பதறிப்போய் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "வைத்திருந்தாலும் பிழை, விட்டாலும் பிழை. என்ன செய்ய?"

விற்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இந்தச் சிவப்புக் காது ஆமை 20, 30 வருடம் உயிர் வாழும். ஓடு ஓரடி வரை வளரக்கூடும். உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. குளத்திலோ கால்வாயிலோ விட்டால் நமது பால் ஆமைக்கும் கல் ஆமைக்கும் உரிய இரையையும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. அமெரிக்காவிலோ 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை வளர்ப்புப் பிராணியாக விற்க 1975 முதல் தடை. காரணம், அவற்றைக் கையில் எடுத்து விளையாடும் பிள்ளைகளுக்கு சல்மொனெல்லா கிருமி தொற்றியதுதான்.

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2009இல் அது கடுமையாகத் திருத்தப்பட்டது. வெளிநாட்டு ஊர்வனவற்றை வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இன்றிக் கொண்டுவருவது குற்றம். கொட்டாஞ்சேனையில் மொத்தமாக வாங்கினேன், யாரோ கொண்டுவந்து தந்தார் என்ற பதில் விசாரணையில் நிற்காது. கடதாசி எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டியவர் கடைக்காரர்தான்.

இப்போது இளைஞர்கள் கேட்பது ஆமையோடு நிற்கவில்லை. இகுவானா இருக்கிறதா, வெளிநாட்டு மலைப்பாம்புக் குட்டி எடுத்துத் தர முடியுமா என்று கேட்கிறார்களாம். லாபம் நன்றாகத்தான் தெரியும். புளோரிடாவில் நடந்ததைக் கேளுங்கள். 1996க்கும் 2006க்கும் இடையில் ஏறக்குறைய 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகின. வளர்த்தவர்கள் விட்டதும் கூண்டிலிருந்து தப்பியதும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. அதே வருடம் இறக்குமதி தடையானது. 2017 முதல் பாம்பு பிடிக்க ஆட்களுக்கு அரசுப் பணத்தில் கூலி. விற்றவர்களின் லாபம் எப்போதோ செலவாகிவிட்டது. பிடிக்கும் செலவு இன்னும் முடியவில்லை.

நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பெய்ரா வாவியில் 2024இல் அலிகேட்டர் கார் மீன் அகப்பட்டது நினைவிருக்கும். அமெரிக்க மீன் அங்கே தானாக நீந்தி வரவில்லை.

இந்தியா ஒரு வழியைக் கையாண்டது. வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்பதில்லை என்று 2020 ஜூனில் அறிவித்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, 2024இல் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. இங்கும் இப்படி ஒரு தவணை கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. தண்டனைக்குப் பயந்துதான் பலர் இரவில் வாளியோடு கால்வாய்ப் பக்கம் போகிறார்கள்.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: தண்ணீரில் விடாதீர்கள், இன்னொருவருக்குக் கைமாற்றாதீர்கள். அவர்கள் தேடி வருமுன் நீங்களே திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து ஒப்படையுங்கள், கடிதத்தின் பிரதியைக் கடைக் கோப்பில் வையுங்கள். அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு அறிவித்தார். ஆமைத் தொட்டி இருந்த இடத்தில் இப்போது மீன் தீனிப் பைக்கற்றுகள் அடுக்கியிருக்கிறார். அதில் லாபம் குறைவு என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.