உங்களுக்குத் தெரியுமா? ஒளியை முந்திய துகள்!

2011 செப்டம்பரில் இயற்பியல் உலகமே திகைத்தது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து பூமிக்குள்ளாகவே பாய்ந்த நியூட்ரினோ துகள்கள், சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள ஆய்வகத்துக்கு, ஒளியைவிட 60 நானோவிநாடி முன்னதாக வந்துவிட்டனவாம். அறிவித்தது ‘ஓபரா’ குழு.

எதுவும் ஒளியை முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றாரா?

ஓபரா குழுவினர் அவசரக்காரர்கள் அல்லர். மூன்றாண்டுத் தரவுகளை அலசிய பிறகே வாய் திறந்தார்கள். நவம்பரில் துகள் கற்றையைச் சிறு சிறு துடிப்புகளாக மாற்றி மறுபடியும் அளந்தார்கள். அதே விடை! இங்கேதான் சங்கதி இருக்கிறது. கருவியிலேயே கோளாறு என்றால், அதை வைத்து எத்தனை முறை அளந்தாலும் அதே பிழைதான் வரும். வேறு கையும் வேறு கருவியும் வேண்டும்.

2012-ல் குட்டு வெளிப்பட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை. அவ்வளவுதான்! அதே மலைக்கடியில் இருந்த ‘இகாரஸ்’ குழு தன் சொந்தக் கருவியால் அளந்தபோது துகள்கள் ஒளியை முந்தவில்லை. அந்த மே மாதம் ஓபரா, இகாரஸ் உட்பட அங்கிருந்த நான்கு குழுக்கள் மீண்டும் அளந்தன. நான்கின் விடையும் ஒன்றே: நியூட்ரினோ ஒளியை மிஞ்சவில்லை.