பிஞ்சு நெஞ்சின் காயம்

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மாத்தளை மாவட்டத்தையும் வாட்டியது, மலைச்சரிவுகள் சரிந்தன. இடிந்த வீட்டை மீண்டும் எழுப்பலாம். அஞ்சிய பிள்ளையின் நெஞ்சைத் தேற்றுவது யார்?

மழை இரைந்தால் நடுங்கும் பிள்ளை, பாடவேளையில் வெறித்து நோக்கும் பிள்ளை, காரணமின்றிச் சினந்து சண்டையிடும் பிள்ளை ஆகியோரைச் சோம்பேறி என்றும் முரடர் என்றும் கடிந்துகொள்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். சிறுவரின் அச்சம் கண்ணீராக மட்டுமன்றி இத்தகைய கோலங்களிலும் வெளிப்படும் என்பதை ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் அறிதல் வேண்டும்.

இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் முதலானோர் ஆசிரியர்களுக்கு இத்தகைய பயிற்சியை அளித்தனர். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூல் கூறும் படிகள் மூன்றே: உற்று நோக்குதல், செவிமடுத்தல், தக்க உதவியுடன் இணைத்தல்.

துயரைச் சொல்லும்படி பிள்ளையை வற்புறுத்தலாகாது. தானாகச் சொல்லும்போது பொறுமையுடன் கேட்க வேண்டும். நாள்தோறும் உரிய வேளையில் மணியடித்து, பாட்டும் விளையாட்டுமாய் வகுப்பு நடைபெறுவதே பேராறுதல். வாரங்கள் பல கடந்தும் தேறாத பிள்ளையை மருத்துவரிடம் சேர்ப்பித்தல் கடன்.

ஆசிரியப் பயிற்சியில் கணக்குக்கும் மொழிக்கும் அளிக்கும் இடத்தில் ஒரு பங்கை இதற்கும் அளிப்போமாக. நெஞ்சு அமைதியுற்றாலன்றி எழுத்து ஏறாதன்றோ?