கொதிநீர் ஊற்றினால் எண்ணெய் போகாது

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. சிராங்கூன் சாலையை ஒட்டிய சிறிய உணவகம் ஒன்றில் நான் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு எட்டு மணிக்கு மேசைகள் எல்லாம் நிறைந்திருந்தன. திடீரென்று மங்கு கழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. சிறிது நேரத்தில், தரையிலிருந்த வடிகால் மூடி வழியாக எண்ணெய் மிதக்கும் தண்ணீர் மேலே வந்தது. வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடையை மூட வேண்டியதாயிற்று. வார இறுதி வருமானம் போனது.

அதற்கு நானும் ஒரு காரணம். குருமா, நெய் ஒட்டிய தட்டுகளை அப்படியே தொட்டியில் போட்டுக் கொதிநீரை ஊற்றுவேன். எண்ணெய் கரைந்து மறைந்துவிடும். வேலையும் சீக்கிரம் முடியும். பல ஆண்டுகளாக மங்கு கழுவும் அக்கா முன்பே எச்சரித்திருந்தார்: “தம்பி, எண்ணெய் எங்கேயும் போயிடாது. கொஞ்சம் தள்ளிப் போய் உக்காந்துக்கும்.”

பல்கலைக்கழகத்தில் சுற்றுப்புறப் பொறியியல் படிக்கும் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

தொட்டிக்குள் நடப்பது

உணவுக் கடைகள் ‘கிரீஸ் டிராப்’ எனும் எண்ணெய்த் தடுப்புத் தொட்டியைப் பொருத்திப் பராமரிக்க வேண்டும் என்பது சிங்கப்பூரில் விதி. அது செயல்படும் விதம் எளிமையானது. கழுவிய நீர் அதற்குள் வந்ததும் வேகம் குறைந்து ஆறுகிறது. எண்ணெய் மேலே மிதக்கிறது, சோற்றுப் பருக்கைகள் அடியில் தங்குகின்றன, நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறுகிறது.

இதற்குத் தேவை நேரமும் இடமும். கொதிநீர் எண்ணெயை உருக்கிவிடுகிறது. சவர்க்காரம் அதைச் சிறு துளிகளாக உடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எண்ணெய் மிதப்பதற்குள் தொட்டியைக் கடந்துவிடும். அப்பால் குழாயில் ஆறி, மெழுகுபோல் படியும். தொட்டியை நேரத்தோடு காலி செய்யாவிட்டாலும் இதே கதைதான். எண்ணெயும் கசடும் ஆழத்தில் கால் பங்கை எட்டுமுன் அகற்ற வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் பொது வழக்கம்.

லண்டனின் வொய்ட்சேப்பல் பகுதியில் 2017இல் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறை கழிவுநீர்க் குழாயை அடைத்துக்கொண்டது. ஈரத் துடைப்பான்களும் கொழுப்பும் இறுகி உருவான அதன் ஒரு துண்டை மறு ஆண்டு அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

நமக்கு இன்னும் முக்கியம்

சிங்கப்பூரில் கழிவுநீர் வீணாவதில்லை. அதில் ஒரு பகுதி, கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் ஓடும் ஆழ்சுரங்கத்தின் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி மேலும் தூய்மையாக்கப்பட்டு, 2003 முதல் புதுநீராக நமக்குத் திரும்பி வருகிறது. சமையலறையில் நாம் ஊற்றும் எண்ணெய் அந்தப் பாதையில்தான் குறுக்கே நிற்கிறது.

வடை, அப்பளம் பொரித்த எண்ணெயின் கதை வேறு. தகரத்தில் தனியாகச் சேர்த்தால் அதற்கு விலை உண்டு. துவாசில் உள்ள நெஸ்டே ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து டீசலும் விமான எரிபொருளும் தயாரிக்கிறது. ஆனால், தொட்டியில் நீரோடும் எச்சிலோடும் கலந்துவிட்ட கொழுப்பை உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளர்தான் அகற்ற வேண்டும்.

அவர்கள் வந்தபோது நான் அருகில் நின்றேன். மூடியைத் திறந்ததும் எழுந்த நாற்றத்தில் இரண்டடி பின்வாங்கினேன். இரு ஊழியர்கள் முகம் சுளிக்காமல் குனிந்து, ஓரங்களில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி எடுத்தார்கள். இந்தத் தொட்டியின் படத்தை நான் தேர்வில் வரைந்திருக்கிறேன். அதில் அவர்கள் இல்லை.

இப்போது எங்கள் கடையில் தட்டுகளை முதலில் வழித்து, காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுகிறோம். தட்டுக்குச் சில விநாடிகள் கூடுதலாகும். கூட்ட நேரத்தில் நான் அவசரப்பட்டால், அக்கா எதுவும் சொல்வதில்லை. காகிதக் கட்டை என் பக்கம் தள்ளி வைப்பார்.