மலைக்குடிச் சிறுவரும் நீதிமன்றமும்

கொடைக்கானல் என்னும் பெயரைக் கேட்டவுடன், கோடையில் அங்குச் சென்று மீள்வோர்க்கு ஏரியும் குளிர்ந்த காற்றும் மலைமேல் தவழும் முகிலுமே நினைவிற்கு வரும். ஆயினும் பழனிமலைத் தொடரில் வாழ்வோர் பெரும்பாலார் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். மேல்மலையிலுள்ள பூம்பாறை, மன்னவனூர், கீழ்மலையிலுள்ள தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காப்பியும் பயிரிட்டும், பிறர் தோட்டங்களில் கூலிக்கு உழைத்தும், விடுதிகளில் ஏவல் புரிந்தும் காலங்கழிக்கும் குடிகள் பல உள்ளன. அக்குடிகளின் இல்லங்களிலும் பிணக்கும் பிரிவும் உண்டு. அவர்தம் மக்களும் சில வேளை தவறிழைப்பர். அப்பொழுது அவர்கள் சட்டத்தின் வாயிலில் நிற்க நேரிடுகின்றது. அவ்வாயில் எத்தகையது, அதனுள் நிகழ்வது யாது என்பதை அறியாமையால் விளையும் தீங்கு பெரிது. ஆதலின், சிறுவர்க்கும் குடும்பங்கட்கும் எனத் தனியே ஏற்பட்டுள்ள நீதிமுறையின் இயல்பை ஒருவாறு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முற்காலத்தில் குற்றஞ்செய்த சிறுவனுக்கும் முதியவனுக்கும் ஒரே மன்றம், ஒரே சிறை என்ற நிலையே உலகில் பல இடங்களிலும் இருந்தது. சிறையில் முதிர்ந்த கள்வரோடு வைக்கப்பட்ட சிறுவன், உள்ளே சென்றபோது இருந்ததினும் தீயவனாய் வெளிவருவதைக் கண்ட நல்லோர் சிலர், இம்முறை குற்றத்தைக் குறைப்பதற்கு மாறாக வளர்க்கின்றது என்றுணர்ந்தனர். அமெரிக்க நாட்டில் சிக்காகோ நகரத்தில் 1899-ஆம் ஆண்டு சிறுவர்க்கென்றே முதல் நீதிமன்றம் நிறுவப்பெற்றது. இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது நம் சென்னை மாகாணமே என்பது நாம் பெருமிதங் கொள்ளத்தக்க செய்தியாகும். 1920-ஆம் ஆண்டில் சென்னைக் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் அதனைப் பின்பற்றின. சுதந்தரம் பெற்ற பின்னர், தேசம் முழுமைக்கும் பொதுவாக 1986-இல் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டம் ஆண்பிள்ளையை 16 வயது வரையிலும் பெண்பிள்ளையை 18 வயது வரையிலும் சிறாராகக் கொண்டது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலார்க்கும் 18 வயது என வரையறுத்தது. இன்று நடைமுறையிலுள்ளது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமாகும். அது 2016 சனவரி 15 முதல் அமலுக்கு வந்தது.

இச்சட்டம் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை எளிதில் அறியும் பொருட்டு ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கின்றான். தந்தை குடும்பத்தைத் துறந்து சமவெளிக்குச் சென்றுவிட்டான். தாய் பூண்டுக் காட்டிற் கூலி வேலை செய்கின்றாள். வறுமையால் பள்ளியை விட்ட சிறுவன், சீசன் காலத்தில் விடுதியொன்றில் ஏவலாளாக அமர்ந்து, ஒரு நாள் பிரயாணி ஒருவரின் கைப்பேசியை எடுத்துவிடுகின்றான், அகப்பட்டும் கொள்கின்றான். இனி நிகழவேண்டுவன யாவை?

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். சிறுவனை அவர் பொறுப்பில் ஒப்புவித்தல் வேண்டும். அவனுக்குக் கைவிலங்கு இடலாகாது, காவற்கூடத்தில் அடைக்கலாகாது, சிறைக்கு அனுப்புதலும் கூடாது. தாய்க்கும் நன்னடத்தை அலுவலர்க்கும் உடனே செய்தி அறிவித்தல் வேண்டும். மிகக் கொடிய குற்றமாயினன்றி, அல்லது வயது வந்தோருடன் கூடிச் செய்ததாயினன்றி, முதல் தகவல் அறிக்கை பதியாது, பொது நாட்குறிப்பில் எழுதி, சிறுவனின் சமூகப் பின்னணியைக் குறித்த அறிக்கையுடன் அனுப்புதலே போதும் என 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கூறுகின்றன. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படல் வேண்டும்.

இக்குழுமம் மாவட்டந்தோறும் அமைக்கப்பெறுவது. இதில் நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். மற்ற நீதிமன்றங்களைப் போல உயர்ந்த மேடையோ, சாட்சிக் கூண்டோ இங்கு இருத்தலாகாது. குழந்தை அஞ்சாது பேசுதற்கேற்ற இடமாக அஃது இருத்தல் வேண்டும் என்பதே கருத்து. குற்றம் பிணையில் விடத்தக்கதாயினும் அல்லாததாயினும் சிறுவனைப் பிணையில் விடுவதே பொது விதி. விடுவித்தால் அவன் தீயோர் கூட்டத்திற் சேர்வான், அல்லது உடற்கோ உள்ளத்திற்கோ ஒழுக்கத்திற்கோ கேடுறுவான், அல்லது நீதியின் நோக்கமே சிதையும் என நம்பக் காரணம் இருப்பினன்றி, பிணை மறுத்தல் ஆகாது. அங்ஙனம் மறுக்கப்பட்டோரே கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்படுவர்.

இனி, இம்முறையின் உயிர்நாடி யாது என்பதைக் கூறுவோம். பொது நீதிமன்றம், "இவன் செய்தது என்ன?" என்று வினவுகின்றது. சிறுவர்க்குரிய மன்றமோ அதனோடு நில்லாது, "இவன் ஏன் இங்ஙனம் ஆனான்? இனி என் ஆவான்?" என்றும் வினவுகின்றது. அவ்வினாக்களுக்கு விடை அம்மன்றத்தின் நான்கு சுவர்களுக்குள் இல்லை; சிறுவனின் வீட்டில் இருக்கின்றது. அதன்பொருட்டே நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை செய்து, சிறுவன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அறிக்கை தருமாறு குழுமம் ஆணையிடுகின்றது. வீட்டில் யார் யார் உளர், வருவாய் யாது, பள்ளியை ஏன் விட்டான், யாருடன் பழகுகின்றான் என்பவெல்லாம் அதில் அடங்கும். நாம் கற்பித்த சிறுவனின் ஊருக்கு அலுவலர் நேரே சென்று பார்ப்பாராயின், தந்தை துறந்த வீட்டையும் தாயின் கூலியையும் அவன் விட்ட பள்ளியையும் காண்பார். செல்லாது, தொலைபேசியில் கேட்டறிந்த நான்கு வரிகளை எழுதி அனுப்புவாராயின், குழுமத்தின் கண்முன் நிற்பது ஒரு கைப்பேசித் திருட்டு மட்டுமேயாம்.

விசாரணை நான்கு மாதங்களுக்குள் முடிதல் வேண்டும். காரணம் காட்டி இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்றமாயின், அதற்குள்ளும் முடியாவிடில் விசாரணை தானே முற்றுப்பெறும். குற்றஞ்செய்தான் எனக் கண்டால், அறிவுரை கூறி அனுப்பலாம். ஆலோசனைக் கூட்டங்களிற் பங்குபெறச் செய்யலாம். சமூகத் தொண்டு செய்யப் பணிக்கலாம். பெற்றோரின் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். மூன்று ஆண்டிற்கு மேற்படாது சிறப்பு இல்லத்திற்கும் அனுப்பலாம். ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய மிகக் கொடிய குற்றத்தை 16 வயது நிரம்பியோர் செய்ததாகக் கூறப்படின், அவர்தம் மனநிலையையும் ஆற்றலையும் ஆராய்ந்து குழந்தைகள் நீதிமன்றத்திற்கு அனுப்பும் அதிகாரம் குழுமத்திற்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அங்கும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ சிறார்க்கு விதிக்கலாகாது. சிறுவனின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் வெளியிடுதல் தண்டனைக்குரிய குற்றமாம்.

ஏட்டிலுள்ள சட்டம் இத்துணை இரக்கமுடையதாயினும், அது கைக்கொள்ளப்படும் விதத்திலேயே அதன் பயன் அமைகின்றது. 2022 டிசம்பர் 31-ஆம் நாள் செங்கற்பட்டில் அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த சிறுவன் ஒருவன் இறந்தான். இல்லப் பணியாளர் அவனைத் தாக்கினர் என வழக்குப் பதிவாகி, அவருட் சிலர் கைதாயினர். அதன் பின்னரே இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் ஒருநபர் குழுவை 2023-இல் தமிழக அரசு நியமித்தது. காப்பதற்கென்று எடுத்த கூரையே இடிந்து வீழ்ந்தாற்போன்ற இந்நிகழ்ச்சி, பிணையும் வீட்டுக் கண்காணிப்பும் முதலிலும், இல்லம் இறுதியிலும் நிற்றல் வேண்டும் என்று சட்டம் வகுத்த ஒழுங்கின் பொருளை நன்கு உணர்த்துகின்றது.

குற்றம் ஒன்றும் செய்யாது, பெற்றோரை இழந்தோ, கைவிடப்பட்டோ, கொடுமைக்கு ஆளாகியோ அலையும் குழந்தைகளின் காரியம் வேறு. அவர்களை நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துதல் கூடாது. அவர்க்கென மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அக்குழு, குழந்தையைப் பெற்றோரிடம் சேர்ப்பதோ, தக்க உறவினரிடமோ இல்லத்திலோ வைப்பதோ நலம் என்பதை ஆராய்ந்து முடிவு செய்யும். இடருற்ற குழந்தையைக் கண்ட எவரும் 1098 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசியில் அறிவிக்கலாம்.

சிறுவனின் குற்றத்திற்கு வேர், பல வேளைகளில் பெற்றோரின் பிணக்கிலே இருக்கின்றது. ஆதலின் குடும்ப நீதிமன்றத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் பொருந்தும். இத்தகைய மன்றம் வேண்டும் என்று வற்புறுத்தியவருள் முதன்மையானவர் துர்காபாய் தேஷ்முக் அம்மையார். பல ஆண்டுகள் கழித்து 1984-இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் நிறைவேறிற்று. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில் இதனைக் கட்டாயம் நிறுவுதல் வேண்டும். பிற இடங்களில் அரசு விரும்பியவாறு நிறுவலாம். மணமுறிவு, சீவனாம்சம், குழந்தைகளின் காப்புரிமை முதலிய வழக்குகள் இங்கு ஆராயப்படும். இதன் தனித்தன்மைகள் மூன்று. முதலாவது, தீர்ப்புக் கூறுதற்கு முன்னர் இருவரையும் இணக்குவிக்க முயலுதல் நீதிபதியின் கடமை. அதற்கெனக் குடும்ப ஆலோசகர்கள் உளர். இரண்டாவது, வழக்குரைஞரை வைத்தே பேசுதல் வேண்டும் என்ற உரிமை இங்கு இல்லை. கணவனும் மனைவியும் தம் குறையைத் தாமே எடுத்துரைக்கலாம். மூன்றாவது, இருவருள் ஒருவர் வேண்டினும் பிறர் கேளாதவாறு மறைவில் விசாரணை நடத்தப்படும். குழந்தை யாரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வினாவில், தந்தையின் உரிமையினும் தாயின் உரிமையினும் குழந்தையின் நலமே தலையாயது என்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டந்தொட்டு வழங்கி வரும் நெறியாகும். குடும்ப நீதிமன்ற எல்லைக்குட்படாத இடங்களில், கைவிடப்பட்ட தாய் சீவனாம்சம் கோரித் தான் வாழும் இடத்து நீதித்துறை நடுவரிடமே விண்ணப்பிக்கலாம்.

நிற்க, நம் மலைக்கு மீள்வோம். 1985-இல் மதுரையினின்றும் பிரிந்த திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது கொடைக்கானல். மாவட்டத் தலைநகருக்கு வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 95 கிலோமீட்டர் இறங்கிச் செல்லவேண்டும். மேல்மலையூர்களிலிருந்து கொடைக்கானலுக்கு வருவதே தனிப் பிரயாணம். ஒருமுறை சென்று வருதற்குத் தாய் ஒரு நாட் கூலியை இழக்கின்றாள். பேருந்துக் கட்டணமும் சேர்கின்றது. இரண்டு வாய்தாவிற்கு வாராமற் போனால், அக்கறையற்ற தாய் என்று அவளை யாரும் எண்ணிவிடக் கூடும். உண்மையில் அவளைத் தடுத்தது அன்பின் குறைவன்று, வழியின் தொலைவே.

இத்தொலைவை முற்றும் போக்கச் சட்டத்தால் இயலாதாயினும், குறைக்கும் வழிகள் சில அதிலேயே உள்ளன. குழுமம் கூடாத நாளில் அதன் தனி உறுப்பினர் ஒருவர் முன்னரும் குழந்தையை நிறுத்தலாம். குழந்தைகளும் பெண்களும் வருவாய் வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகின்றது. வட்டந்தோறும் அதற்கெனக் குழு அமைக்கவும் அது வழிசெய்கின்றது. வயதைக் குறித்து ஐயம் எழின், பள்ளிச் சான்றிதழே முதற்கண் கொள்ளப்படும். அஃதில்லையேல் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிடத்து மட்டுமே மருத்துவச் சோதனை. ஆகவே, கூரைத் தாழ்வாரத்தில் மழையில் நனைந்து அழியும் அச்சிறு தாள் ஒரு சிறுவனைச் சிறையினின்றும் காக்கவல்லது என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று.

இவற்றை மலையூர்களிலும் சமவெளியூர்களிலும் எடுத்துரைக்க வல்லவர் யாவர்? அவ்வூர்களிலிருந்து கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவரே அல்லரோ? விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒருவர், அஞ்சி நிற்கும் ஒரு தாய்க்கு, "உன் மகனைச் சிறையில் வைக்கமாட்டார்கள், அவன் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு என்னுடன் வா" என்று கூறி உடன் செல்வாராயின், அஃது ஒரு வழக்குரைஞரின் வாதத்திற்குக் குறைந்ததன்று. மேலும், நீதிக் குழுமத்தில் அமரும் சமூகப் பணியாளர் குழந்தைகளின் கல்வி, சுகாதாரம், நலம் ஆகிய துறைகளில் ஏழாண்டு உழைத்தவராதல், அல்லது உளவியல், சமூகவியல், சட்டம் முதலியவற்றிற் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராதல் வேண்டும். இன்று நம் வகுப்புக்களில் அமர்ந்திருப்போர் சிலர் நாளை அவ்விருக்கையில் அமர்தல் கூடும். அன்று அவர்தம் முன் வரும் அறிக்கை நான்கு வரியினதாயின், அதனை ஏலாது, மலையேறிப் பார்த்து வருமாறு பணிப்பாராக. அங்ஙனம் ஒருவர் மலையேறிச் சென்று வீட்டைக் கண்டு மீளும் வரையில், அச்சிறுவனின் வழக்கு கேட்கப்பட்டதாகாது என்பதே நம் துணிபு.